பெட்டிக்குள் வைத்த கற்பூரம்

பிள்ளையள், நாங்கள் பொதி கட்டுகிற அறையின் கதவில் என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. "இந்த அறைக்குள் கற்பூரம் கொண்டுவரக் கூடாது." வீட்டுக்கு வருகிறவர்கள் அதை வாசித்துவிட்டு ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். போன கிழமை மீற்றர் பார்க்க வந்தவர்கூட, "என்ன அண்ணை, வேதத்துக்கு மாறிச் சேர்ச்சுக்குப் போறியளோ?" என்று கேட்டார். தம்பி, நீ உடனே அவருக்குக் கதை சொல்லத் தொடங்கினாய். அப்பா பிளேனை எரிக்கப் பார்த்தவர் என்று ஆரம்பித்துக் கையையும் காலையும் ஆட்டிச் சொன்னாய். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆனால் நீ சொன்னது அரைக் கதை. அது நடந்தபோது உனக்கு எட்டு வயது. மற்ற அரைவாசி உன் அக்காவுக்குத் தெரியும். அவள் அதை ஒருநாளும் வெளியில் சொன்னதில்லை. என் மானத்துக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறாள். அது எனக்குப் பாரமாக இருக்கிறது. அதனால் நானே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிற எழுத்து. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

எங்கள் ஒழுங்கைக்குள் ஒன்லைன் சாமான் முதலில் வந்தது ஒரு மிக்சி மூடிக்காக. உங்கள் அம்மாவின் மிக்சி மூடி உடைந்துபோய், மானிப்பாயிலும் யாழ்ப்பாணம் ரவுணிலும் எல்லாக் கடையும் ஏறி இறங்கினேன். மூடி மட்டும் கிடையாது, புது மிக்சி வாங்குங்கோ என்றார்கள். அக்கா போனில் தேடிப் பிடித்தாள். சீனாவில் எங்கேயோ அந்த மூடி மாத்திரம் விற்பனைக்கு இருந்தது.

"ஒரு மூடிக்காக ஒரு பிளேன் வருமோடி?" என்று அம்மா சிரித்தாள்.

மூன்று கிழமையில் மூடி வந்தது. கொண்டுவந்தவர் சந்தியில் நின்று போன் எடுத்து வழி கேட்க, "வைரவர் கோயிலுக்கு அங்காலை, நீலக் கேற், மாமரம் வெட்டின வீடு" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு மரம் நிற்கிற வீடு தெரியும், வெட்டின வீடு எப்படித் தெரியும்? கடைசியில் நான் சந்திக்குப் போய்க் கூட்டிவந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் எங்கள் ஒழுங்கை மாறிவிட்டது. பள்ளிச் சப்பாத்து, சைக்கிள் சாமான், கண்ணாடி பிறேம், கோழிக் குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கிற டப்பா என்று எல்லாம் மோட்டார் சைக்கிளில் பெரிய பைகளில் வந்தன. முதலில் அந்தப் பிள்ளைகளைக் கண்டு குரைத்த நாய்கள் பிறகு வாலாட்டத் தொடங்கின. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் லொறிக்காரன். தெல்லிப்பழைப் பக்கத்துத் தோட்டங்களில் வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவன். சாமான் என்றால் கையில் தூக்கி, மணந்து, ஒன்றை உடைத்துப் பார்த்து வாங்க வேண்டும் என்று நினைப்பவன்.

அக்கா ஏ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்த நாட்கள் அவை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "வாறது சரி. இஞ்சையிருந்து ஏன் ஒண்டும் போகேல்லை?"

உண்மையில் போய்க்கொண்டுதான் இருந்தது. கனடாவுக்கோ லண்டனுக்கோ யாராவது போகிறார் என்று கேள்விப்பட்டால் அரைவாசி ஊர் அவருடைய பெட்டியில் இடம் கேட்கும். மகளுக்கு இரண்டு கிலோ தூள், மருமகனுக்குப் பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மா, தம்பிக்குப் பனங்கட்டி. போகிறவரின் உடுப்புக்கு இடம் இராது. அந்தப் பெட்டியைத்தான் அக்கா தன் போனுக்குள் திறந்தாள். அம்மா வறுத்து இடிப்பித்த மிளகாய்த்தூளைப் படம் எடுத்து ஒரு ஒன்லைன் பக்கத்தில் போட்டாள். நோர்வேயில் எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் முதல் ஓடர் போட்டபோது, "ஆரெண்டு தெரியாமல் எங்கடை தூளை எப்பிடி நம்பினவ?" என்று அம்மா இரண்டு நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு பக்கத்து வீட்டு வடையக்கா சேர்ந்தார். தம்பி, உனக்கு அவரை அந்தப் பேரில்தான் தெரியும். பருத்தித்துறை வடை தட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, நாக்கிலும் அப்படித்தான். எள்ளுருண்டை, மோர்மிளகாய், ஒடியல் என்று ஏழு வீட்டுப் பெண்கள் ஒன்றானார்கள். கொழும்பிலிருந்து ஒரு ஏஜென்டின் வான் திங்கட்கிழமைகளில் வந்து பெட்டிகளை ஏற்றிப் போகும். கட்டுநாயக்காவிலிருந்து விமானம்.

எனக்கு அந்தத் தொழிலில் கிடைத்த வேலை பெட்டி கட்டுவது. லொறியில் முப்பது வருடம் சாமான் அடுக்கினவன் என்று பெருமையாகத்தான் தொடங்கினேன். முதல் நாளே அக்கா அளவு நாடாவோடு வந்துவிட்டாள்.

"அப்பா, உந்தப் பெட்டியிலை பாதி வடை, பாதி காத்து. பிளேன்காரர் பாரத்தை மட்டும் பாக்கமாட்டினம், எவ்வளவு இடம் பிடிக்குது எண்டும் பாப்பினம். நீங்கள் காத்துக்கும் ரிக்கற் எடுக்கப் போறியள்."

லொறியில் காற்றுக்குக் காசு இல்லை. நான் அன்றைக்குத்தான் அதைப் படித்தேன். பலாலிப் பக்கம் விமானம் எழும்புகிற சத்தம் கேட்டால் அம்மா முற்றத்துக்கு வந்து அண்ணாந்து, "எங்கடை தூள் போகுது" என்பாள். "அது சென்னைக்குப் போறது அம்மா" என்று அக்கா உள்ளேயிருந்து சொல்வாள். அடுத்த முறையும் அம்மா அண்ணாந்து பார்ப்பாள்.

இனிக் கற்பூரத்துக்கு வருகிறேன்.

ஒரு லொறி வீட்டை விட்டு நெடும்பயணம் வெளிக்கிட்டால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, முன்னால் கற்பூரம் கொளுத்தி, தேசிக்காயை நசித்துக்கொண்டுதான் நகரும். நான் ஓடிய எந்த லொறியும் அப்படித்தான் நகர்ந்தது. பொதி கட்டத் தொடங்கிய முதல் மாதத்தில் ஒரு பெட்டி லண்டனுக்கு வெடித்துக் கிழிந்து போய்ச் சேர்ந்தது. தூள் எல்லாம் சிந்தி, வாங்கியவர் படம் எடுத்து அனுப்பினார். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் யோசித்தேன். இவ்வளவு தூரம் போகிற சாமானுக்கு முன்னால் ஒரு கற்பூரம் கொளுத்த ஆளில்லை. விமானத்துக்கு முன்னால் போய் நான் நிற்கவா முடியும்? அதனால் அடுத்த திங்கட்கிழமை, நாட்காட்டியில் கிழித்த தாள் ஒன்றில் ஒரு கட்டிக் கற்பூரத்தை மடித்து, ஒவ்வொரு பெட்டியின் அடி மூலையிலும் வைத்து மூடினேன். கொளுத்தாத கற்பூரம்தானே, போகிற வழிக்குத் துணையாக இருக்கட்டும் என்று.

யாருக்கும் சொல்லவில்லை. அக்கா சிரிப்பாள் என்று தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு பெட்டியும் உடையவில்லை. அக்கா நல்ல தடித்த பெட்டி வாங்கத் தொடங்கியதும் அதே மாதம்தான். ஆனால் நான் அதை யோசிக்கவில்லை. கற்பூரம் என்றே நம்பினேன். வாங்கியவர்களும் எழுதத் தொடங்கினார்கள். அக்கா அவற்றைச் சத்தமாக வாசிப்பாள். "தூளைத் திறந்தால் கோயில் வாசம். அம்மாவின் ஞாபகம் வந்து அழுதேன்." "வடை பிரசாதம் மாதிரி இருந்தது."

"அம்மா, உண்மையாச் சொல்லுங்கோ. தூளுக்கை என்ன போடுறியள்?"

"வழமையாப் போடுறதுதான். பெருஞ்சீரகம் கூடிப் போச்சோ தெரியேல்லை."

நான் பெட்டிக்கு ரேப் ஒட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

பொங்கல் வந்தது. முப்பத்திரண்டு பெட்டிகள். அதுவரை நாங்கள் ஒரே தரத்தில் ஏழெட்டுக்கு மேல் அனுப்பியதில்லை. ஒவ்வொரு பெட்டியும் யாருக்குப் போகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று அக்கா இங்கிலிசில் பட்டியல் அடித்தாள். விமானத்துக்கு அது இல்லாமல் முடியாது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் என்னோடு பெட்டி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, இந்தப் பொங்கல் சரியாப் போச்செண்டால் இதுதான் என்ரை வேலை. பிழைச்சுதெண்டால் மாமா சொன்ன கொழும்புக் கடைக்குப் போறன். இனி யோசிக்கமாட்டன்." குரலில் கலக்கம் இல்லை. முடிவெடுத்த குரல். பயம் எனக்குத்தான். அதனால் அந்தமுறை புதுக் கற்பூரப் பெட்டி வாங்கினேன்.

புதன்கிழமை மத்தியானம் ஏஜென்ட் போன் எடுத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். ஏழு வீட்டுப் பெண்களில் நாலு பேர் அப்போது எங்கள் முற்றத்தில் நின்றார்கள்.

சோதனையில் ஒரு பெட்டி மணத்ததாம். திறந்து பார்த்தால் பட்டியலில் இல்லாத, தீப்பற்றுகிற சாமான். முப்பத்திரண்டு பெட்டிகளும் நிறுத்தப்பட்டு ஏஜென்டின் சாமான் ஸ்ரோருக்கே திரும்பிவிட்டன. "பொய்ப் பட்டியல் அடிச்சுத் தந்திருக்கிறியள் தங்கச்சி. வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ளை தெளிவில்லாட்டி வெள்ளி பிளேன் இல்லை. அதுக்குப் பிறகு உங்கடை ஒரு பெட்டியும் நான் தொடமாட்டன்."

வெள்ளி விமானம் இல்லையென்றால் பொங்கலுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

அக்காவின் முகம் வெளிறியது. "நான் ஒவ்வொண்டாப் பாத்துப் பாத்து அடிச்சனான்" என்றாள்.

"பாத்து அடிச்ச வடிவு தெரியுதுதானே" என்றார் வடையக்கா. "போனிலை விளையாடுற பிள்ளையை நம்பி மூண்டு நாள் அடுப்படியிலை நிண்டு வெந்தது என்ரை பிழை. என்னத்தை அடிச்சாயோ, ஆரைக் கேட்டு அடிச்சாயோ."

மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அது அதைவிடக் கூடச் சுட்டிருக்கும். அக்கா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஒன்லைன் பக்கத்தில் "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது" என்று போட்டுவிட்டதாக அம்மா வந்து சொன்னாள்.

தீப்பற்றுகிற சாமான் என்ற சொல் காதில் விழுந்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. நான் வாய் திறக்கவில்லை.

தம்பி, இதுதான் உனக்குத் தெரியாத அரைவாசி. உன் அப்பா அன்று மத்தியானம் முற்றத்தில் நாலு பெண்களுக்கு முன்னால் ஊமையாக நின்றான். லொறியின் டயரை ஒருதரம் தட்டிப் பார்த்தேன், காற்று குறைந்திருக்கிறதா என்று. குறைந்திருக்கவில்லை. பின்னேரம் அம்மா பிட்டும் சம்பலும் வைத்தாள். அக்கா வரவில்லை. நான் சாப்பிட்டேன். வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை. முப்பது வருட லொறிக்காரன், பெட்டிக்குள் கற்பூரம் வைத்தான் என்று ஊர் சிரிக்குமே என்ற வெட்கம். அந்த வெட்கத்துக்கு என் பிள்ளையின் பேரைப் பலி கொடுத்துவிட்டு இருந்தேன்.

விடிய நாலு மணிக்கு எழும்பினேன். இன்று சொல்லாவிட்டால் பிறகு ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். அக்கா ஏற்கனவே குசினிக்குள் அம்மாவோடு இருந்தாள். இரண்டு பேருக்கும் முன்னால் நின்று சொன்னேன்.

"பிள்ளை, உன்ரை பட்டியல் சரி. கற்பூரம் வைச்சது நான். எல்லாப் பெட்டிக்கையும் வைச்சனான். நாலு மாசமா வைக்கிறன்."

அம்மா தேத்தண்ணி வடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "அதுதானே, கலண்டர்த் தாள் எங்கை போகுதெண்டு பாத்தன்" என்றாள்.

அக்கா என்னையே பார்த்தாள். "நேற்று மத்தியானமும் தெரியுமோ உங்களுக்கு?"

"ஓம்."

"வடை ஆன்ரி என்னை ஏசேக்கை?"

"ஓம்."

அவள் திரும்பிக் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். நான் லொறித் திறப்பை எடுத்தேன். "அஞ்சு மணிக்கு முன்னம் அங்கை நிப்பன். முப்பத்திரண்டையும் நானே எடுத்துக் குடுப்பன். நீ அந்தப் பக்கத்தை இப்ப திறக்கவேண்டாம், நான் போன் எடுத்தாப் பிறகு திற" என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் வடையக்காவின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவருக்கும் சொல்லாமல் வெளிக்கிட முடியாது. வேலியால் எட்டிச் சொன்னேன். அவர் கரண்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கற்பூரமோ? என்ரை வடைக்குள்ளையுமோ?"

"வடைக்குள்ளை இல்லை. பெட்டிக்குள்ளை."

"அப்ப போன மாசம் பிரசாதம் மாதிரி எண்டு எழுதினவை?"

நான் ஓம் என்று தலையாட்டினேன்.

"நான் என்ரை கைப்பக்குவமெண்டெல்லோ ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, ஒரு பையில் சூடாக வடையைப் போட்டு வேலிக்கு மேலால் நீட்டினார். "வழியிலை தின்னுங்கோ. பெட்டியளோடை மட்டும் திரும்பி வந்திடாதேங்கோ. பிள்ளையை நான் கதைச்சது பிழை. வந்தாப் பிறகு பாப்பம்."

அன்றைக்குச் சில்லுக்குத் தேசிக்காய் வைக்கவில்லை. கற்பூரமும் கொளுத்தவில்லை. கை கூசியது. நேரே இழுத்தேன். வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி எந்த லொறியும் நிற்காமல் போவதில்லை. நானும் நின்றேன், இறங்கிக் கும்பிட்டேன். கற்பூரம் விற்கிற அம்மா நீட்டியபோது வேண்டாம் என்று தலையாட்டினேன். பிறகு வவுனியா, புத்தளம், சிலாபம். வழியில் வடை தின்றது தவிர வேறெதற்கும் நிற்கவில்லை. இரண்டு மணிக்கு விமான நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஏஜென்டின் ஸ்ரோர் வாசலில் நின்றேன்.

ஸ்ரோரைப் பார்த்துக்கொண்டவர் மலையகத் தமிழர், என் வயதுக்காரர். சாமானைச் சோதித்துக் கையெழுத்து வைக்கிற அதிகாரி சிங்களவர், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், எல்லாவற்றையும் ஒழுங்காக நேராக வைக்கிற ஆள். மேசையில் பேனாகூட நேராகத்தான் கிடந்தது. எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தையில் வெங்காயம் விற்கிற அளவு. ஸ்ரோர்காரர் என்னை ஒருபக்கம் இழுத்தார்.

"ஐயா, நீங்க சொல்றத அப்படியே சொல்லட்டா, இல்ல கொஞ்சம் மாத்திச் சொல்லட்டா? பூச்சி வராம இருக்கப் போட்டதுன்னு சொன்னா சுலபமா முடியும்."

"அப்பிடியே சொல்லுங்கோ" என்றேன். "பட்டியல் அடிச்ச பிள்ளைக்குத் தெரியாது எண்டதை முதல்லை சொல்லுங்கோ."

அவர் சொன்னார். தேசிக்காய், சில்லு, கற்பூரம் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: "என்ட அண்ணாவும் லொறி. அவரும் பத்த வைக்கிறது. ஆனா முன்னால பத்த வைக்கிறது. டீசல் டாங்கிக்குள்ள போடுறது இல்ல."

பிறகு சிங்களத்தில் நிறையச் சொன்னார். ஸ்ரோர்காரர் தமிழாக்கினார். எங்கள் பெட்டிகள் தனியாக ஒரு சாமான் விமானத்தில் போவதில்லையாம். ஆட்கள் இருக்கிற விமானத்தில், அவர்களின் காலடிக்குக் கீழே இருக்கிற அறையில்தான் போகின்றனவாம். மேலே இருநூறு முந்நூறு பேர், பிள்ளைகள், வயதானவர்கள். கீழே ஒரு பொறி போதுமாம்.

எனக்கு அது அதுவரை தெரியாது. விமானம் என்றால் பெரிய லொறி என்றுதான் நினைத்திருந்தேன். கனடா போகிற ஊர்ச் சனத்தின் காலுக்குக் கீழே நான் நாலு மாதம் கற்பூரம் வைத்திருக்கிறேன்.

"முப்பத்திரண்டும் இருக்குது" என்றேன். "நானே எடுத்துத் தாறன்."

எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். அக்காதான் எனக்கு எப்போதும் கடிதம் எழுதுகிறவள். அன்று நானே எழுதினேன். முப்பத்திரண்டு பெட்டியிலும் ஒவ்வொரு கட்டி கற்பூரம் வைத்தவன் நான், பட்டியல் எழுதினவர் இதை அறியார், இனி வைக்கமாட்டேன். மூன்று வரி. மூன்று தாள் பிழைத்துப்போய் நாலாவதில் சரிவந்தது.

பிறகு கத்தியை வாங்கிக்கொண்டு நிலத்தில் இருந்தேன். ஒவ்வொரு பெட்டியாக ரேப்பை வெட்டி, மேலே இருந்த சாமானை ஒழுங்கு குலையாமல் தூக்கி வைத்து, அடி மூலையில் கைவிட்டு எடுத்து, திரும்ப அடுக்கி ஒட்டினேன். ஸ்ரோருக்குள் தகரக் கூரைச் சூடு. சட்டை முதுகில் ஒட்டியது. ஸ்ரோர்காரர் உதவிக்கு வந்தார். வேண்டாம் என்றேன். அதிகாரி, சோதனையில் பிடிபட்ட பொட்டலத்தின் தாளையும் சேர்த்து, நான் எடுத்துக் கொடுத்த நாட்காட்டித் தாள்களை விரித்து, திகதி ஒழுங்கில் மேசையில் அடுக்கிக்கொண்டே வந்தார். நான் நாள் தவறாமல் கிழித்துச் சேர்த்த தாள்கள் என்பதால் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பிக்கொண்டு வந்தன.

நாலு மணிக்குக் கிட்ட கடைசிப் பெட்டி. கைவிட்டேன். ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். தூள், வடை, பனங்கட்டி நிறைத்த ஓலைக் குட்டான், அடியில் விரித்த தாள். இல்லை. மேசையில் முப்பத்தொரு தாள். அதிகாரி விரலால் ஒரு இடைவெளியைக் காட்டினார். "போயா நாள் இல்ல" என்றார். பௌர்ணமி லீவுக்குச் சிவப்பில் அச்சடிக்கிற தாள் அது.

"ஐயா, முப்பத்தொண்ணுன்னு மாத்தி எழுதிடுங்களேன்" என்றார் ஸ்ரோர்காரர் தாழ்ந்த குரலில். "நேரம் போகுது."

மாற்றி எழுதலாம். ஆனால் அந்த ஒன்று ஏதாவதொரு பெட்டிக்குள் தூளோடு தூளாகக் கிடந்தால்? முந்நூறு பேரின் காலுக்குக் கீழே? நேற்றுப் பேசாமல் இருந்தவன் இன்றைக்கும் பேசாமல் விடுவதா? "மாத்தமாட்டன்" என்றேன். "இருக்குது. தேடுவம்."

அந்தக் கடைசிப் பெட்டியின் மேல் மூடியில் அக்காவின் கையெழுத்து இருந்தது. "இனிய பொங்கல் வாழ்த்துகள்" என்று எழுதி ஒரு பானை கீறியிருந்தாள். ஏன் இந்தப் பெட்டியில் மாத்திரம்? பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை நான் இந்தப் பெட்டிக்குள் கற்பூரத்தை வைக்கக் குனிந்தபோதுதான் அக்கா பேனாவோடு உள்ளே வந்தாள். "பொறுங்கோ அப்பா, இதிலை ஒரு வாழ்த்து எழுதுவம்" என்றாள். நான் அந்தப் பொட்டலத்தைக் கைக்குள் பொத்திச் சட்டைப் பைக்குள் விட்டேன். பிறகு லொறிக்குள் ஏறி...

வெளியே ஓடினேன். லொறிக்குள், கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சின்னப் பிள்ளையாருக்குப் பின்னால், சிவப்பு எழுத்தில் அச்சடித்த தாள் மடித்தபடி இருந்தது. வெயிலில் கற்பூரம் பாதியாகியிருந்தது. கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அதிகாரி தாளை விரித்து அந்த இடைவெளிக்குள் வைத்தார். அளவாகப் பொருந்தியது. அப்போதுதான் அவர் சிரித்தார்.

அவரும் ஒவ்வொரு பெட்டியாக மீண்டும் சோதித்தார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கக் கையெழுத்து வைத்தார். கற்பூரத்தை எல்லாம் ஒரு பையில் போட்டு என் கையில் தந்து, வாசலைக் காட்டினார். ஏஜென்ட் போனில் என்னைக் கொஞ்சம் ஏசினார். நான் கேட்டுக்கொண்டேன். இன்னொரு முறை நடந்தால் விடமாட்டேன் என்றார். நடக்காது என்றேன்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். "போகுது பிள்ளை. முப்பத்திரண்டும் போகுது. நீ திற."

"இப்ப திறந்தால் ஆர் பெட்டி கட்டுறது?" என்று கேட்டாள். "உங்களை நம்பலாமோ?"

"கதவிலை எழுதி ஒட்டுறன்" என்றேன்.

இதுவரை அக்காவுக்குத் தெரியும். இனி எழுதுவது இரண்டு பேருக்கும் தெரியாதது.

இருட்டில் அவ்வளவு தூரம் ஓட உடம்பு விடவில்லை. நீர்கொழும்பில் ஒரு தேத்தண்ணிக் கடை ஓரம் லொறியை விட்டு உறங்கினேன். வெளிச்சம் வந்த பிறகு வெளிக்கிட்டு, மத்தியானத்துக்கு முன்னம் முறிகண்டிக்கு வந்தேன். கச்சான் கடலை வறுக்கிற மணம். இரண்டு பஸ் வெளிக்கிட்டுப் போன பிறகு சனம் குறைந்தது.

அக்காவின் பட்டியலில் ஒரு பிரதி லொறிக்குள் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்க் கற்பூரம் கொளுத்துகிற இடத்தில் இருந்தேன். இங்கிலிஸ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி முதல் பேரை வாசித்தேன், ஊரையும் வாசித்தேன், ஒரு கட்டியைக் கொளுத்தினேன். அது எரிந்து முடிய அடுத்த பேர். ரொறன்ரோ, பேர்ண், ஒஸ்லோ, மெல்பேர்ண். ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. கடைசியாகப் பாதிக் கட்டியை, அக்கா பானை கீறின பெட்டிக்காரரின் பேரை வாசித்துக் கொளுத்தினேன். அது கெதியில் எரிந்துவிட்டது.

பை வெறுமையானது. அதை உதறிப் பார்த்தேன். பிறகு குழாயடிக்குப் போய், கச்சான்காரியிடம் ஒரு சவர்க்காரத் துண்டு வாங்கிக் கையைக் கழுவினேன். மணந்து பார்த்தேன். இன்னும் மணத்தது. திங்கட்கிழமைக்குப் பெட்டி கட்ட வேண்டும். முழங்கை வரைக்கும் இன்னொருதரம் தேய்த்துக் கழுவிவிட்டு லொறியில் ஏறினேன்.